ரக்கூனை மரநாய் என்று எழுதலாமா?

2023 மே 13, சனி, முற்பகல் 11:20 (ஒரு வாசகியின் கேள்வி)

மகளுக்குச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் "எங்கள் சுற்றாடலில் ஒரு விலங்கு" என்று கட்டுரை கொடுத்தார்கள். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வேறென்ன விலங்கு இருக்கிறது? ரக்கூனைப் பற்றி எழுதினாள். ஆசிரியை, ரக்கூன் என்று வந்த இடத்தையெல்லாம் சிவப்பு மையால் வெட்டி "மரநாய்" என்று திருத்தியிருக்கிறார். ஊரில் மரநாயைக் கண்டவள் நான். இது அதுவல்ல. யார் சரி?

மே 13, இரவு 9:05

நீங்கள்தான் சரி. மரநாய் என்பது பலா பழுத்த வாசனைக்குக் கூரை ஏறி வருகிற, கோழிக்கூட்டையும் விட்டுவைக்காத ஆள். புனுகுப்பூனையின் சொந்தக்காரர். ரக்கூன், கண்ணைச் சுற்றிக் கறுப்பு உள்ள அமெரிக்கக் கண்டத்து விலங்கு. நம் பாட்டன்மார் காணாத ஒன்றுக்கு அவர்கள் பெயர் வைத்திருக்க முடியாது.

ரக்கூன் என்பதும் ஆங்கிலச் சொல் அல்ல. 1607இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயர் வந்து இறங்கியபோது அங்கே இருந்தவர்கள் பவ்ஹாட்டன் மக்கள். அவர்களுடைய மொழியிலிருந்து வந்தது. கேப்டன் ஜான் ஸ்மித் 1612இல் வெளியிட்ட நூலில், பேட்ஜரைப் போன்ற, ஆனால் அணிலைப் போல மரத்தில் வாழ்கிற ஒரு விலங்கு என்று விவரித்து, அதன் பெயரை ஏறத்தாழ "அரோக்கன்" என்று ஒலிக்கும்படி எழுதினார். அதே காலத்தில் அங்கிருந்த வில்லியம் ஸ்ட்ரேச்சி காதில் அது "அரத்கோன்" என்று விழுந்திருக்கிறது. கையால் தேய்ப்பது, உரசுவது, சுரண்டுவது என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்று ஆசிரியை அடம்பிடித்தால் "கழுவுகரடி" என்று எழுதச் சொல்லுங்கள். ஜெர்மானியர் அப்படித்தான் சொல்கிறார்கள். எந்த உணவையும் தண்ணீரில் கழுவித்தான் வாயில் வைக்கும், அவ்வளவு சுத்தக்காரன். எங்கள் வீட்டில் சுருக்கமாகக் "கூன்" என்போம். ஆங்கிலத்திலும் அந்தச் சுருக்கம் உண்டு, முதுகை வளைத்து நடக்கிற நடைக்குத் தமிழிலும் பொருந்துகிறது.

(பின்குறிப்பு: மேலே உள்ள பத்தியில் இரண்டு பிழைகள். ஒன்று சிறியது, ஒன்று பெரியது. அழிக்காமல் விட்டிருக்கிறேன். கீழே மே 20, ஜூன் 3 குறிப்புகளைப் பார்க்கவும்.)

மே 14, காலை 6:40

தூக்கம் வராமல் யோசித்தது. ஆங்கிலேயர் அந்தச் சொல்லின் முதலில் இருந்த அகரத்தை விழுங்கிவிட்டார்கள். அரோக்கன் ரக்கூன் ஆனது. தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது. அப்படி வரும் வடசொல்லுக்கு முன்னால் அ, இ, உ என்ற மூன்று குறில்களில் ஒன்றைச் சேர்த்துக்கொள் என்கிறது நன்னூல். ரங்கம் அரங்கம் ஆனதும் ராமன் இராமன் ஆனதும் ரோமம் உரோமம் ஆனதும் அப்படித்தான். வடசொல்லுக்குச் சொன்ன விதியை வர்ஜீனியாச் சொல்லுக்கும் நீட்டினால் அரக்கூன், இரக்கூன், உரக்கூன் மூன்றும் செல்லும். அதில் முதலாவதை எடுத்துக்கொண்டால், ஆங்கிலேயன் நானூறு வருடங்களுக்கு முன்னர் தொலைத்த எழுத்தைப் பவணந்தி முனிவர் தேடிக் கொடுத்துவிடுகிறார்!

இலங்கையில் நாங்கள் "றக்கூன்" என்று எழுதுவோம். அதற்கு நன்னூலில் இடமே இல்லை. றகரத்தையெல்லாம் முதலில் போடத் துணிந்தவர்கள் நாங்கள்.

மே 15, இரவு 10:30

இது இன்னும் நன்றாக இருக்கிறது. அகராதியில் "அரக்குதல்" என்ற வினைக்குத் தேய்த்தல் என்றொரு பொருள் கிடக்கிறது. யாழ்ப்பாணத்தில் அந்த வினை இன்றும் உயிரோடு இருக்கிறது, ஆனால் நகர்த்துவது என்ற பொருளில்: "கதிரையைக் கொஞ்சம் சுவரோடு அரக்கி வை." பவ்ஹாட்டன் மக்கள் தேய்ப்பவன் என்றார்கள். தமிழில் அரக்குகிறவன் அரக்கூன். குப்பைத் தொட்டி மூடிமேல் நான் வைக்கிற செங்கல்லை ஒவ்வோர் இரவும் அரக்கிவிட்டுப் போகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

மே 16, காலை 7:15

கிடைக்காது. ஆனால் நேற்று எழுதியது வேடிக்கை, வெறும் வேடிக்கை! இரவோடு இரவாக இரண்டு பேர் அதை எடுத்துக்கொண்டு போய், பவ்ஹாட்டன் மொழி தமிழிலிருந்து பிரிந்தது என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஐயாமாரே, இரண்டு மொழிகளில் இரண்டு அசைகள் ஒத்துப்போவது சந்தையில் இரண்டு பேர் ஒரே நிறச் சட்டை போட்டு வந்ததைப் போல. உறவு என்று சொல்ல ஒழுங்கான ஒலி மாற்றங்கள் வரிசையாகப் பொருந்த வேண்டும். இங்கே ஒப்பிட்டுப் பார்க்க மொழியே மிச்சமில்லை. பவ்ஹாட்டன் மொழி பேசியவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவுக்குள் அந்தப் பேச்சை இழந்துவிட்டார்கள். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஸ்மித்தும் ஸ்ட்ரேச்சியும் காதால் கேட்டுக் குறித்த சொற்பட்டியல்கள்தான். ஒரு மக்களின் பேச்சு முழுவதும் போய், ரக்கூன், ஒப்போசம், மொக்காசின், பெர்சிமன் என்று சில சொற்கள் மட்டும் அவர்களை விரட்டியவர்களின் வாயில் தங்கிவிட்டன. கடையில் பெர்சிமன் பழம் வாங்கும்போது எனக்கு இது ஞாபகம் வருகிறது. அதற்கு மேல் தமிழ்ப் பெருமை பேச அங்கே ஒன்றும் இல்லை.

மே 20, பிற்பகல் 2:00

சிறிய பிழை. ரக்கூன் உணவைக் கழுவுவதில்லை.

உயிரியல் படித்த வாசகர் ஒருவர் தனிமடலில் எழுதிப் பிடித்துவிட்டார். தொட்டி வைத்து வளர்க்கிற ரக்கூன்கள்தான் உணவைத் தண்ணீரில் நனைக்கின்றன. காட்டில் உள்ளது ஆற்றங்கரையில் முன்கைகளை நீருக்குள் விட்டு, கல்லுக்கடியில் நண்டோ தவளையோ அகப்படுமா என்று தடவிப் பார்க்கும். கூண்டில் ஆறு இல்லை. கைக்கு அந்தப் பழக்கம் மட்டும் இருக்கிறது. ஆகவே கொடுத்த உணவை நீரில் போட்டு, கண்டுபிடித்து எடுப்பதைப் போலச் செய்கிறது என்பது பலரும் ஏற்ற விளக்கம். உள்ளங்கைத் தோல் நனைந்தால் தொடு உணர்வு கூடும் என்றும் சொல்கிறார்கள். ரக்கூனின் மூளைப் புறணியில் புலன்களுக்கான பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத் தொடு உணர்வுக்கே போய்விடுகிறது. நமக்குக் கண் எப்படியோ அதற்குக் கை அப்படி. அதனால்தான் கை ஒரு வேலையில் இருக்கும்போது முகம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். பாட்டுக் கேட்டுக்கொண்டு பயற்றங்காய் உடைக்கிற பெண்களின் முகம் மாதிரி.

தும்புமுட்டாஸை, தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் என்பார்களே, அதை ஒரு ரக்கூன் தண்ணீரில் நனைக்கிற காணொளியைப் பார்த்திருப்பீர்கள். முட்டாஸ் கரைந்து போய்விடும். அது இரண்டு கைகளாலும் நீரின் அடியைத் தடவித் தடவித் தேடும். முன்பு பார்த்துச் சிரித்திருக்கிறேன். இந்த விளக்கத்தைப் படித்த பிறகு சிரிப்பு வரவில்லை.

மே 21, முற்பகல் 10:10

அப்படியென்றால் பாதி உலகம் ஒரு பிழையைப் பெயராக வைத்திருக்கிறது.

உயிர்களுக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1758இல் வைத்த பெயர் உர்சஸ் லோட்டர், கழுவும் கரடி. 1780இல் ஸ்டோர் என்பவர் கரடி என்பதை வெட்டி, புரோசியோன் என்று மாற்றினார். நாய்க்கு முன்னது என்று அதற்குப் பொருள். ஆக இன்றைய விஞ்ஞானப் பெயருக்குள் ஒரு நாய் படுத்திருக்கிறது. ஆசிரியைக்கு அரைப் புள்ளி கொடுக்கலாம். கழுவுதலை மட்டும் ஸ்டோர் வெட்டவில்லை. ஜெர்மனியில் வாஷ்பேர், பின்லாந்தில் பெசுகார்ஹு, ஜப்பானில் அராய்குமா, சீனத்தில் ஹுவான்சியோங். எல்லாம் கழுவுகிற கரடிதான். பிரான்சில் மட்டும் அதைக் கரடியிலிருந்து எலியாகக் குறைத்து, ராத்தோன் லாவர், கழுவும் குட்டி எலி என்றார்கள். அதே பிரெஞ்சு பேசுகிற கியூபெக்கின் நாட்டுப்புறத்தில் பழைய பெயர் "ஷா சோவாஜ்", காட்டுப்பூனை. கப்பலேறி வந்து நேரில் கண்டவர்கள் கண்டதைச் சொன்னார்கள்.

ருஷ்யாவில் யெனோட். அது வேறொரு விலங்கான ஜெனட்டின் பெயர். தோல் வியாபாரத்தில் தோலோடு பெயரும் கைமாறிவிட்டது. பார்க்கப்போனால் ஜெனட் நம் புனுகுப்பூனைக்குச் சொந்தம். ஆசிரியைக்கு இன்னொரு கால் புள்ளி.

அதைப் பரம்பரையாக அறிந்தவர்களிடம் போனால் கதை மாறுகிறது. பவ்ஹாட்டன் சொல்லில் கை இருந்தது. மெக்சிகோவில் ஸ்பானியர் சொல்கிற மப்பாச்சே, நஹுவா மொழியின் மப்பாச்ட்லி. எல்லாவற்றையும் கையால் எடுப்பவன். வந்தவர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள், இருந்தவர்கள் கையைப் பார்த்தார்கள். ஒண்டாரியோவில் ஒஜிப்வே மக்கள் எசிபன் என்கிறார்கள். ரொறன்ரோவுக்குத் தமிழர் வரவும் ஆங்கிலேயர் வரவும் முந்திய பெயர்களில் ஒன்று.

மே 21, பிற்பகல் 4:45

ஜெர்மனியில் இருக்கும் மைத்துனர் படித்துவிட்டு அழைத்தார். அங்கே கட்டுக்கட்டாக மடிந்த தசை வயிற்றுக்குச் "சலவைப்பலகை வயிறு" என்று சொல்வார்களாம். பலகைக்கும் நம் ஆளுக்கும் முதல் பாதி ஒரே சொல். ஆகவே தொப்பை வைத்தவர்கள் "எனக்குச் சலவைப்பலகை வயிறில்லை, சலவைக்கரடி வயிறு" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்களாம். மைத்துனருடையது இரண்டாவது வகை.

அவர் சொன்ன இன்னொன்று: ஜெர்மனிக்கு ரக்கூனைக் கொண்டு வந்து விட்டது ஹிட்லரின் அமைச்சர் ஹெர்மன் கோரிங் என்பது. ஊரெல்லாம் சொல்கிற கதை, ஆனால் கட்டுக்கதை. 1934 ஏப்ரலில் ஹெஸ்ஸே மாநிலத்து எடர் ஏரிக்கரையில் ஒரு வன அதிகாரி இரண்டு சோடிகளை விட்டார். 1945இல் பெர்லினுக்குக் கிழக்கே ஒரு தோல் பண்ணையில் குண்டு விழ, அங்கிருந்தவையும் தப்பின. இன்று காசெல் நகரத்துக் கூரைகளில் அவற்றின் பேரப்பிள்ளைகள் குடியிருக்கின்றன. வெடித்த குண்டுக்குத் தப்பி ஓடிப்போய் வேறொருவன் கூரையின் கீழ் ஒதுங்கிய கதை என்று மைத்துனரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. 1987இல் அவர் போன பாதையும் பெர்லின் வழிதான்.

மே 23, இரவு 8:20

"கொரோனா ரக்கூனிலிருந்து வந்தது என்று மார்ச்சில் செய்தி வந்ததே?" என்று கேட்டவருக்கு: அது ரக்கூன் நாய். வூஹான் சந்தையில் எடுத்த மாதிரிகளில் அதன் மரபணு இருந்தது என்பதுதான் செய்தி. யாழ்ப்பாணத்திலிருந்து என் சித்தியும் அதைக் கேட்டுவிட்டு, "தம்பி, கூரையில் வைத்திருக்காதே, அடித்துக் கலை" என்று தொலைபேசியில் பதறினார். பெயரில் ரக்கூன் இருக்கிறதே தவிர, அது நாய்க் குடும்பம். முகத்தில் கறுப்பு இருப்பதால் ஆங்கிலத்தில் ஒட்டிய பெயர்.

ஜப்பானில் அதற்குத் தனுக்கி என்று சொந்தப் பெயரும் சொந்தப் பழமொழிகளும் உண்டு. பொய்த் தூக்கத்துக்குத் தனுக்கித் தூக்கம் என்பார்கள். கைக்கு வராத பணத்துக்குச் செலவுக் கணக்குப் போடுவதற்கு, பிடிக்காத தனுக்கியின் தோலுக்கு விலை போடுவது. ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவர்கள் தனுக்கி வருகிற இடமெல்லாம் ரக்கூன் என்று போட்டுவிட, அங்கிருந்து தமிழுக்கு வரும்போது ஜப்பானியப் பழங்கதையில் ரக்கூன் திரிகிறது. உண்மையான ரக்கூன் ஜப்பானில் பெருகியது 1977இல் ஒரு தொலைக்காட்சிச் சித்திரத் தொடர் வந்த பிறகு. பிள்ளைகள் கேட்டார்கள், பெற்றோர் வாங்கிக் கொடுத்தார்கள், குட்டி வளர்ந்து கடிக்கத் தொடங்கியதும் காட்டில் விட்டார்கள்.

ஜூன் 2, இரவு 11:00

என் தொழில் மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பு. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் இந்த விலங்கை நான் சொல்லாக முதன்முதலில் சந்தித்தது அங்கேதான்.

பல வருடங்களுக்கு முன்னர். மாடிப்படியில் விழுந்த ஒரு முதியவர். மறுநாள் இரண்டு கண்களையும் சுற்றிக் கறுத்திருந்தது. மருத்துவர் பயிற்சி மாணவர்களிடம் திரும்பி, "ரக்கூன் கண்கள், கவனித்தீர்களா?" என்றார். அறையில் சொல்லப்படுவது எல்லாவற்றையும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. நான் புதியவன். "உங்கள் கண் ரக்கூனின் கண் மாதிரி இருக்கிறது என்கிறார்" என்று சொல்லிவிட்டேன். முதியவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார முயன்றார். "குப்பை கிளறுகிற மிருகம் என்றா என்னைச் சொல்கிறான்? கண்ணாடி கொண்டு வா, பார்ப்போம்."

மருத்துவர் கேலி செய்யவில்லை. மண்டையோட்டின் அடித்தளத்து எலும்பு வெடித்தால் இரத்தம் கசிந்து இமையைச் சுற்றியுள்ள தளர்ந்த சதையில் தேங்கும். கண்ணில் அடிபடாமலே கண்ணைச் சுற்றிக் கறுக்கும். அதற்கு வைத்த பெயர். அது உடனே படம் எடுக்க வேண்டிய எச்சரிக்கை. "இரண்டு கண்களைச் சுற்றியும் இரத்தம் கட்டிக் கன்றியிருக்கிறது, தலைக்குள் எலும்பு வெடித்திருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்" என்று சொல்லியிருக்க வேண்டும். உவமையை மொழிபெயர்த்து நோயை விட்டுவிட்டேன். அவர் தேறி வீட்டுக்குப் போனார். போகும்போது என்னைப் பார்த்து, "வருகிறேன் தம்பி, குப்பை எடுக்கிற நாளுக்கு முதல் போய்விட வேண்டும்" என்றார்.

ஜூன் 3, காலை 9:30

பெரிய பிழை.

என் மகள் இந்த இழையை நேற்றுப் படித்தாள். தமிழ் மெதுவாகத்தான் வாசிப்பாள். முதல் குறிப்பில் "கூன் என்போம்" என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "அப்பா, இதை வெளியில் யாரிடமும் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறீர்களா?" என்று கேட்டாள். சொல்லியிருக்கிறேன். வேலையிடத்தில், சிரித்துக்கொண்டு, கறுப்பினத் தாதி ஒருவர் இருக்கும்போது. அவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சுருக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில் வெறும் விலங்கின் பெயர். 1830களில் நாட்டுப்புறத்தானைக் குறித்தது. 1840களில் அமெரிக்காவின் விக் கட்சிக்கு ரக்கூன் சின்னமாகவே இருந்தது. அதன் தலைவர் ஹென்றி கிளேயை "அதே பழைய கூன்" என்று எதிரிகள் கேலி செய்ய, ஆதரவாளர்கள் அதையே கொடியில் ஏற்றினார்கள். அதே 1830களில்தான் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைப் பகடி செய்யும் மேடைக் கூத்தும் பரவியது. அதில் ஒரு கோமாளிப் பாத்திரத்தின் பெயர் ஸிப் கூன். நூற்றாண்டு முடிவதற்குள் அந்தச் சொல்லின் பெயரில் ஒரு பாட்டு வகையே ஓடியது. அந்தப் பாட்டுகளில் கறுப்பினத்தவன் திருடன், சோம்பேறி, கத்தி தூக்குபவன். அதற்குப் பிறகு சொல் பழையபடி விலங்குக்குத் திரும்பவில்லை. ஆஸ்திரேலியாவில் கூன் என்று ஒரு பாலாடைக்கட்டி, அதைச் செய்யும் முறையைக் கண்டுபிடித்தவரின் குடும்பப் பெயரிலேயே விற்றது. பல வருட எதிர்ப்புக்குப் பின்னர் 2021இல் அதன் பெயரையும் மாற்றினார்கள்.

தமிழில் எழுதினால் அது ஔவையார் பாட்டில் வருகிற கூன்தானே என்று எனக்குள் ஒரு குரல் வாதாடுகிறது. அந்தக் குரல்தான் சிக்கல். பிறமொழி வசை நம் காதில் உறைக்காது. தமிழில் எந்தச் சாதிப் பெயரை எந்தத் தொனியில் சொன்னால் வசை என்று எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும். முப்பது வருடங்கள் ஆங்கிலத்தில் சம்பாதித்தவனுக்கு இது தெரியவில்லை.

திங்கட்கிழமை அந்தத் தாதியிடம் பேசப்போகிறேன்.

ஜூன் 4, இரவு 9:50

வேட்டைச் சொற்களைக் கேட்டவருக்குச் சுருக்கமாக.

"பிழையான மரத்தைப் பார்த்துக் குரைக்கிறாய்" என்று ஆங்கிலத்தில் சொல்வது ரக்கூன் வேட்டையில் பிறந்தது. 1830களில் எழுத்துக்கு வந்துவிட்டது. வேட்டை இரவில். நாய் மோப்பம் பிடித்து விரட்ட, ரக்கூன் மரமேறும். நாய் அடிமரத்தில் நின்று குரைத்து வேட்டைக்காரனை அழைக்கும். ரக்கூன் இதற்குள் கிளை மாறி அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். வேலையில் இதற்கு நான் "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்று போட்டு வந்தேன். சரியில்லை. அம்பை நோகிறவன் நியாயம் தவறுகிறான். நாயின் நியாயத்தில் ஒரு பிழையும் இல்லை, அது நிற்கிற இடம்தான் பிழை. இப்போது "ஆள் மாறிக் கேட்கிறீர்கள்" என்று வெறுமனே சொல்லிவிடுகிறேன்.

நெடுங்காலத்துக்கு "ஒரு ரக்கூனின் ஆயுள்" என்பார்கள், மேலே சொன்ன சுருக்கத்தைப் போட்டு. இதற்குத் தமிழில் மாமாங்கம் அச்சொட்டாக நிற்கிறது. சொல்லப்போனால் கூடுதலாகவே நிற்கிறது: மாமாங்கம் பன்னிரண்டு வருடங்கள், காட்டு ரக்கூன்களில் பெரும்பாலானவை மூன்று வயதைத் தாண்டுவதில்லை.

ஜூன் 6

பேசினேன். "ஏழு வருடங்களுக்கு முன்னர் சொன்னது, தேதியும் சொல்லட்டுமா?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

ஜூன் 18, முற்பகல் 11:40

ரொறன்ரோக்காரர் அல்லாதவர்களுக்கு: இங்கே சமையற்கழிவுக்குப் பச்சைத் தொட்டி. 2015இல் மாநகரம் சுமார் 3 கோடியே 10 இலட்சம் டாலர் ஒப்பந்தத்தில், ரக்கூன் திறக்க முடியாத பூட்டோடு புதிய தொட்டிகளை அறிவித்தது. 2016இலிருந்து வீடு வீடாக வந்தன. பூட்டு என்றால் சாவி இல்லை, திருகுகிற பிடி. ரக்கூனுக்கு ஐந்து விரல்கள் இருக்கின்றன, ஆனால் மற்ற விரல்களுக்கு எதிரே மடியும் பெருவிரல் இல்லை. பிடித்துத் திருக முடியாது என்பது கணக்கு. ரக்கூனைப் பற்றி இவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். 1907இலேயே டேவிஸ் என்பவர் பதின்மூன்று சிக்கலான பூட்டுகளைக் கொடுத்துப் பார்த்ததில் பதினொன்றைப் பத்து முயற்சிக்குள் திறந்தன. 2018இல் ஒரு பத்திரிகையாளர், தன் வீட்டுத் தொட்டியை ஒரு ரக்கூன் கவிழ்த்துத் திறப்பதைப் படம் பிடித்தே எழுதினார்.

என் தொட்டி திறந்து கிடந்ததற்குப் பூட்டைக் குறை சொல்ல மாட்டேன். பிடியைத் திருக மறந்தவன் நான். மீன் கழுவிய நாள் வேறு.

அமெரிக்காவில் இந்தத் தொழிலை வைத்தே "குப்பைப் பாண்டா" என்ற செல்லப் பெயர் இணையத்தில் பிறந்து, இப்போது அலபாமாவில் ஒரு பேஸ்பால் அணிக்கு அதுதான் அதிகாரபூர்வப் பெயர். தமிழில் எழுதினால் வசையாகத் தொனிக்கிறது. ஆங்கிலத்தில் கொஞ்சல். பாண்டா என்ற சொல் குப்பையைக் கழுவிவிடுகிறது போலும். பாருங்கள், மறுபடியும் கழுவல்.

ஜூலை 9

இன்று கொன்ராட் நினைவு நாள். 2015இல் நகர மையத்தில் யங் தெரு நடைபாதையில் ஒரு ரக்கூன் செத்துக் கிடந்தது. எடுக்க ஆள் வர இரவாகிவிட்டது. அதற்குள் வழியால் போனவர்கள் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, சட்டம் போட்ட படமும் வைத்து, கொன்ராட் என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். நம்மவர் யாரும் அன்று மரண அறிவித்தல் எழுதவில்லை என்பது எனக்கு இன்றும் குறை. "ஸ்காபரோவைப் பிறப்பிடமாகவும் யங் தெருவை வதிவிடமாகவும் கொண்ட..."

செப்டம்பர் 30, இரவு 10:15

இழையை மறந்துவிட்டீர்களா என்று கேட்கிறார்கள். இல்லை. சொல் ஒன்று அகப்பட்டது.

கழுவு என்பது பிழையான வினை என்று மே மாதமே தெரிந்துவிட்டது. சரியான வினை எது என்று அன்றே யோசித்திருக்க வேண்டும். துழாவு. தண்ணீருக்குள்ளோ இருட்டிலோ கண்ணால் காணாததைக் கையால் தேடுவது. கூழ்ப் பானையில் அகப்பையால் துழாவுவதும் அதுதான், இருட்டில் தீப்பெட்டிக்குத் துழாவுவதும் அதுதான். ஆங்கிலத்தில் இதற்கு மூன்று வினைகளைச் செலவழிக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சொல் ஒன்றும் உண்டு, அளாவு. "சிறுகை அளாவிய கூழ்" என்று வள்ளுவர் பிள்ளைகளின் கையைச் சொன்னது. பின்வளவில் மழைநீர் நிற்கிற வாளிக்குள் அந்தச் சிறிய கறுப்புக் கைகள் இரண்டும் போவதைப் பார்த்தால் குறளை அவ்வளவு எளிதில் தள்ளிவைக்க முடியவில்லை.

எனவே என் முன்மொழிவு: துழாவி. கரடியும் வேண்டாம், நாயும் வேண்டாம். ஒருவரும் பாவிக்கப்போவதில்லை என்பது தெரியும். நானே நாளை பக்கத்து வீட்டுக்காரரிடம் ரக்கூன் என்றுதான் சொல்வேன்.

அக்டோபர் 1, பிற்பகல் 1:30

கேள்வி கேட்ட சகோதரி எழுதியிருக்கிறார். மகளின் கட்டுரை ஜூனிலேயே திரும்பி வந்துவிட்டதாம். ரக்கூன் என்பதை ஆசிரியை ஏற்றுக்கொண்டார், ஆனால் முன்னால் ஓர் இகரம் சேர்த்து. இரக்கூன்.

பவணந்தியார் கொடுத்த மூன்றில் இரண்டாவது. எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அக்டோபர் 7, அதிகாலை 2:40

சத்தம் கேட்டு எழுந்தேன். எனக்கு முன்பே அம்மா குசினி யன்னலில் நிற்கிறார், கையில் விளக்குமாறு. எண்பத்திரண்டு வயது. வெளியில் வாளிக்குப் பக்கத்தில் ஒரு தாயும் மூன்று பெரிய குட்டிகளும். இந்தக் குடும்பம் எங்கள் கூரையின் கீழ் பிறந்ததுதான் என்பது என் சந்தேகம்.

"அம்மா, அது என்ன தெரியுமா?" என்று கேட்டேன். இத்தனை மாதங்கள் எழுதியதை ஒரு தடவை சோதித்துப் பார்க்கத்தான்.

"தெரியாமல் என்ன? மரநாய்."

"மரநாய் இல்லை அம்மா, இது..."

"நீ போய்ப் படு" என்றார். யன்னலைத் தட்டினார். மூன்று குட்டிகளும் வேலிமேல் ஏறின. தாய் நகரவில்லை. முகத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, கைகளை வாளிக்குள்ளேயே விட்டிருந்தது.